எண்ணெய் ஸ்பிரே பாட்டில் மக்கர் செய்தால்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

அப்பாவுக்கு எண்ணெயைக் குறைக்கச் சொல்லி டாக்டர் சொன்ன பிறகுதான் இந்த எண்ணெய் ஸ்பிரேயர் எங்கள் வீட்டுக்கு வந்தது. அதுவரைக்கும் பாதி வெங்காயத்தைக் கத்திமுனையில் குத்தி, எண்ணெயில் தொட்டு, தோசைக்கல்லில் தேய்ப்பதுதான் வழக்கம். இப்போது சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டில் ஒன்று, மலைமேல் ஏற்காட்டில் அக்கா வீட்டில் ஒன்று, இரண்டும் மூன்று வருடமாக ஓடுகின்றன. சும்மா ஓடவில்லை, நடுவில் ஒவ்வொரு கோளாறாக வந்து, ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்து, சரிசெய்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம். பக்கத்து வீட்டில் இதே மாதிரி பாட்டிலை அடைத்துக்கொண்டது என்று மூன்றாவது மாதமே குப்பையில் போட்டுவிட்டார்கள். எனக்கு மனசே ஆறவில்லை, ஏனென்றால் அதில் இருந்தது கால் மணி நேர வேலைதான்.

நான் சொல்வது மூடியையே மேலும் கீழும் அடித்துக் காற்றேற்றி, தலையில் இருக்கும் பொத்தானை அமுக்கினால் எண்ணெய் புகை மாதிரி வரும் வகை. துப்பாக்கி மாதிரி விசையை இழுத்து அடிக்கும் வகைக்கு விஷயம் கொஞ்சம் வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

இது வேலை செய்வது தோட்டத்துக்கு மருந்தடிக்கும் கைப்பம்ப் மாதிரியேதான். பாட்டிலில் பாதி எண்ணெய், மீதிப் பாதி காற்று. அடிக்க அடிக்க அந்தக் காற்று இறுகுகிறது, இறுகிய காற்று எண்ணெயைக் குழாய் வழியாக மேலே தள்ளுகிறது, நாசிலில் இருக்கும் சின்ன ஓட்டை அதைத் தூளாக உடைத்து வெளியே விடுகிறது. ஆக, கோளாறு இரண்டே பக்கத்தில்தான் இருக்க முடியும்: காற்றுப் பக்கம், இல்லாவிட்டால் எண்ணெய்ப் பக்கம். எந்தப் பக்கம் என்று தெரியாமல் எல்லாவற்றையும் கழற்றிச் சோப்பில் ஊறவைக்கிறவர்கள்தான் அரை நாள் மல்லுக்கட்டுவார்கள். அதைக் கண்டுபிடிக்க உங்கள் கையே போதும். பத்து அடி அடித்துப் பாருங்கள். போகப்போக மூடி கையை எதிர்த்துத் தள்ளுகிறதா? தள்ளினால் காற்று உள்ளே நிற்கிறது, கோளாறு எண்ணெய்ப் பக்கம். பத்தாவது அடியும் முதல் அடி மாதிரியே லொடலொடவென்று போனால் காற்று எங்கேயோ ஓடுகிறது, நாசிலைத் தொடவே வேண்டாம்.

எதைக் கழற்றுவதற்கு முன்னாலும் உள்ளே இருக்கும் காற்றை விட்டுவிடுங்கள். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துப் பொத்தானை அமுக்கினால் குழாயின் நுனி எண்ணெய்க்கு மேலே வந்துவிடும், எண்ணெய் வராமல் காற்று மட்டும் புஸ்ஸென்று போகும். நாசில் சுத்தமாக அடைத்திருந்தால் இது நடக்காது, அப்போது பாட்டிலை நிமிர்த்தி, மேலே ஒரு துணியைப் போட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு, தலையை மெல்ல மெல்லத் திருகித் திறக்க வேண்டும். ஒரேயடியாகத் திருகினால் எண்ணெய் சுவர் வரைக்கும் தெறிக்கும்.

எவ்வளவு அடித்தாலும் கை இறுகவில்லை

முதலில் தலை சரியாக மரையில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கோணலாக ஏறியிருந்தாலே காற்று நிற்காது. அதுதான் இல்லை என்றால் கழற்றி, கழுத்தில் இருக்கும் ரப்பர் வாஷரைப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை கழுவிவிட்டு வாஷரைப் பாத்திரக் கூடையிலேயே மறந்துவிட்டு, பம்ப் போய்விட்டது என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தோம். வாஷர் இருந்தும் காற்று நிற்காவிட்டால் அதன்மேல் காய்ந்த பிசுக்கோ, ஒரு கடுகோ, ஒரு முடியோ இருக்கும். துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, திரும்பப் போடுங்கள்.

அதுவும் சரியாக இருக்கிறது என்றால், பாட்டிலுக்குக் காற்றேற்றி, கழுத்தைச் சுற்றிச் சோப்பு நுரையைத் தடவுங்கள். சைக்கிள் டியூப் பஞ்சரைத் தண்ணீரில் முக்கிப் பார்ப்பார்களே, அதே வேலைதான், குமிழி வரும் இடத்தில் ஓட்டை. கழுத்தில் குமிழி வந்தால் வாஷர். நாசில் நுனியில் எண்ணெய் கசிந்தால் பொத்தானுக்கு அடியில் இருக்கும் வால்வு முழுசாக மூடவில்லை. எங்கேயுமே குமிழி இல்லை, கையும் இறுகவில்லை என்றால் காற்றே உள்ளே போகவில்லை என்று அர்த்தம். மூடிக்குள் இருக்கும் பிஸ்டனின் விளிம்பு காய்ந்து போயிருக்கும், அதில் விரலால் எண்ணெய் தடவி நாலு முறை ஓட்டினால் பிடித்துக்கொள்ளும். பிஸ்டன் நுனியில் காற்று ஒரு வழியாக மட்டும் போகும்படி ஒரு சின்ன ரப்பர் அடைப்பு இருக்கும், அது எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொள்வதும் உண்டு. வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவிட்டால் போதும்.

இரண்டே அடியில் இறுகுகிறது, ஒரு நொடி அடித்துவிட்டு செத்துப்போகிறது

எண்ணெயை நிறைய ஊற்றிவிட்டீர்கள், வேறொன்றும் இல்லை. காற்றுக்கு இடம் கொஞ்சமாக இருந்தால் சட்டென்று இறுகும், கொஞ்சம் எண்ணெய் வெளியே போனதுமே சட்டென்று தளர்ந்தும்விடும். பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். அடிக்கடி ஊற்றச் சோம்பல்பட்டுக் கழுத்து வரைக்கும் நிரப்பிவிட்டு, பாட்டில் சரியில்லை என்று சொல்கிறவர்கள்தான் அதிகம்.

கை நன்றாக இறுகுகிறது, பொத்தானை அமுக்கினால் ஒன்றுமே வரவில்லை

அடைப்பு. ஆனால் எந்த முனையில் என்று பார்க்க வேண்டும். குழாயின் அடிமுனையில் பெரும்பாலான பாட்டில்களில் ஒரு குட்டிச் சல்லடை இருக்கும். காற்றை விட்டு, குழாயை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள், சல்லடையில் சாம்பலோ பழுப்போ படிந்து சேறு மாதிரி இருந்தால் நாசிலைக் குறை சொல்லாதீர்கள். மரச்செக்கு எண்ணெய் வாங்கும் வீடுகளில் கோளாறு பெரும்பாலும் இங்கேதான்.

இதை எனக்குப் புரியவைத்தவர் மாமா, அக்கா வீட்டுக்காரர். காபித் தோட்டத்துக்கும் மிளகுக் கொடிக்கும் போர்டோ கலவை என்கிற பூஞ்சை மருந்து அடிக்கிறவர், வாழ்நாளெல்லாம் நாசிலோடு பழகினவர். பாட்டிலை அவர் கையில் கொடுத்தேன், குழாயை இழுத்துப் பார்த்துவிட்டு, "பாப்பா, மருந்தை வடிகட்டாம டேங்குல ஊத்துனா அடைக்காம என்ன பண்ணும்? இதுலயும் மண்டியோட ஊத்திருக்கீங்க" என்றார். நல்லெண்ணெய் ஆட்டும்போது செக்கில் கருப்பட்டி போடுவார்கள். கடலை எண்ணெயில் பருப்புத் தூள் மிதக்கும். இவையெல்லாம் நாளாவட்டத்தில் அடியில் தங்கும், குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். தாளிக்க ஊற்றும்போது மண்டி ஒன்றும் செய்யாது, ஸ்பிரேயருக்கு அதுதான் எமன்.

துணியில் வடிகட்டினால் பெரிய தூள்தான் நிற்கும், மெல்லிய மண்டி துணியைத் தாண்டி வந்துவிடும். நான் செய்வது இது: எண்ணெயை ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, ஆட்டாமல் அசைக்காமல் மூன்று நாள் வைத்துவிட்டு, மேலே தெளிந்து நிற்பதை மட்டும் மெதுவாகச் சாய்த்து ஸ்பிரேயருக்கு எடுப்பேன். அடியில் இருப்பதை வீணாக்க வேண்டாம், புளிக்குழம்புக்கு ஆகும்.

சல்லடை சுத்தமாக இருந்தும் வரவில்லை என்றால், சரி, இப்போது நாசிலுக்குப் போகலாம்.

புகையாக வராமல் ஊசிக் கோடாக வருகிறது, அல்லது ஒரு பக்கமாகச் சாய்ந்து அடிக்கிறது

நாசிலின் முன்துண்டைக் கழற்ற முடிந்தால் கழற்றிப் பாருங்கள், துவரம்பருப்பு அளவுதான் இருக்கும், கைதவறினால் சிங்க்கில் போய்விடும், தட்டு ஒன்றை அடியில் வைத்துக்கொள்ளுங்கள். அப்பா பேப்பர் படிக்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியில்தான் நான் முதல்முறை அதன் உள்பக்கத்தைப் பார்த்தேன். நடுவில் கண்ணுக்கே தெரியாத ஓட்டை, அதைச் சுற்றிச் சின்னச் சின்னக் காடிகள், கிணற்றுக்கு வளைந்து போகும் வாய்க்கால் மாதிரி. எண்ணெய் அந்தக் காடிகள் வழியாகச் சுழன்று வந்து ஓட்டையில் வெளியேறுவதால்தான் அது குடை மாதிரி விரிகிறது. நான் பார்த்த அன்றைக்கு மூன்று காடிகளில் ஒன்றில் தேன் நிறத்தில் பிசின் மாதிரி ஒன்று நிரம்பியிருந்தது, நகத்தால் கீறினால் வரவில்லை. ஒரு காடி அடைத்தால் சுழற்சி கெடும், அதனால்தான் ஒரு பக்கமாக அடிக்கிறது. எல்லாம் அடைத்தால் சுத்தமாக நின்றுவிடும்.

அந்தப் பிசின் வேறெதுவும் இல்லை, காற்றுபட்டுக் காய்ந்து இறுகிய எண்ணெய். புதுத் தோசைக்கல்லைப் பழக்கும்போது எண்ணெய் தடவிக் காய்ச்சக் காய்ச்ச ஒரு கறுப்புப் படலம் பிடிக்குமே, அதுவும் இதே சங்கதிதான், அங்கே சூட்டில் சீக்கிரம் நடக்கிறது, இங்கே வாரக்கணக்கில் மெல்ல நடக்கிறது. சூரியகாந்தி எண்ணெய், நல்லெண்ணெய் எல்லாம் சீக்கிரம் இறுகும். தேங்காயெண்ணெய் அவ்வளவு சீக்கிரம் இறுகாது, அதற்கு வேறு தொல்லை இருக்கிறது, அடுத்துச் சொல்கிறேன்.

இந்தப் பிசினுக்கு வினிகர் ஊற்றச் சொல்வார்கள். வினிகர் எண்ணெயைக் கரைக்காது. அது கரைப்பது உப்புப் படிவத்தை, போர் தண்ணீரில் கழுவிக் கழுவி நாசில் நுனியில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அதற்கு வினிகர் சரி. எண்ணெய்ப் பிசினுக்குப் பாத்திரம் கழுவும் லிக்விடும் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீரும்தான் மருந்து. ஒரு கிண்ணத்தில் கலந்து நாசில் துண்டை அரை மணி நேரம் போட்டுவிட்டு, பழைய டூத்பிரஷ்ஷால் உள்பக்கம் தேயுங்கள். கெட்டியாக இருந்தால் ராத்திரி முழுக்க ஊறட்டும், நடுவில் ஒருமுறை வெந்நீர் மாற்றுங்கள். ஓட்டைக்குள் விட வேண்டுமென்றால் டூத்பிரஷ்ஷிலிருந்து ஒரே ஒரு நைலான் முடியைப் பிடுங்கி அதை விடுங்கள். ஊக்கு, குண்டூசி, ஊசி எதுவும் கூடாது, பிளாஸ்டிக் ஓட்டை ஒருமுறை பெரிதாகிவிட்டால் பிறகு ஆயுசுக்கும் ஊசிக்கோடுதான். தின்னர், மண்ணெண்ணெய், சர்ஜிக்கல் ஸ்பிரிட் பற்றி யோசிக்கவே வேண்டாம், வாயில் போகிற பொருள்.

கீழே நன்றாக இருந்தது, ஏற்காட்டில் அடிக்க மாட்டேன் என்கிறது

இது அக்காவின் டிசம்பர் மாதப் புகார், வருடாவருடம் வரும். "ஏன் கண்ணு, நீ நல்லாத்தான் குடுத்தனுப்பின, இங்க வந்து கோடு கோடாத்தான் அடிக்குது" என்பாள். பாட்டிலில் கோளாறு ஒன்றும் இல்லை, குளிர்தான். 40 டிகிரியில் இருக்கும் எண்ணெயை 20 டிகிரிக்குக் குளிர்வித்தால் அதன் கெட்டித்தன்மை ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். சேலத்துச் சித்திரை வெயிலில் தண்ணீராக ஓடும் அதே கடலை எண்ணெய், மார்கழிக் காலையில் மலைமேல் பாகு மாதிரி அசைந்து வரும், அதை உடைத்துப் புகையாக்க இந்தக் கைப்பம்ப்புக்கு வலு போதாது. தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைய ஆரம்பிக்கும், ரேஷன் பாமாயிலும் குளிரில் குருணை குருணையாய்க் கட்டும், இரண்டையும் மலைமேல் ஸ்பிரேயரில் ஊற்றவே கூடாது. குழாய்க்குள்ளேயே உறைந்துவிட்டால் வெளியே எடுத்து வெந்நீரில் போட்டுத்தான் இளக்க வேண்டும்.

வழி சுலபம். காற்றை விட்டு, தலையைத் தளர்த்தி, குளிக்கும் சூட்டுத் தண்ணீரில் பாட்டிலைப் பத்து நிமிடம் நிறுத்தி வையுங்கள், பிறகு இறுக்கிக் காற்றேற்றி அடியுங்கள். சூடாகட்டும் என்று அடுப்புப் பக்கத்தில் வைக்காதீர்கள், காற்றேற்றிய பாட்டிலை ஒருபோதும் வைக்காதீர்கள். கீழே இருக்கிறவர்களுக்கும் இது உண்டு: வெயில் விழும் ஜன்னல் மேடையில் காற்றேற்றிய பாட்டில் கூடாது.

இன்னொன்று. எண்ணெய் ஊற்றி மூடிய பாட்டிலைப் பையில் போட்டு மலையேறினால், போய்ச் சேரும்போது பை எண்ணெயாக இருக்கும். அந்த 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறி முடிப்பதற்குள் சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 1200 மீட்டர் போல ஏறுகிறோம், வெளிக்காற்றின் அழுத்தம் குறையக் குறைய, கீழே அடைத்த காற்று உள்ளேயிருந்து எண்ணெயைத் தள்ளுகிறது. காலியாகக் கொண்டுபோய் அங்கே ஊற்றுங்கள்.

துப்புகிறது, விட்டு விட்டு வருகிறது

எண்ணெய் கடைசியில் இருந்தாலோ பாட்டிலைச் சாய்த்துப் பிடித்தாலோ குழாய் காற்றை உறிஞ்சும், அப்போது துப்பும். தோசைக்கல்மேல் குனிந்து அடிக்கிற பழக்கம் எல்லோருக்கும் உண்டு, பாட்டில் நிமிர்ந்தே இருக்கட்டும். எண்ணெய் போதுமான அளவு இருந்தும் துப்பினால் குழாய் மேல்முனையில் கழன்று தொங்குகிறதா என்று பாருங்கள், அழுத்திச் சொருகினால் சரி. கழுவின மறுநாள் துப்பினால், வெள்ளையாகக் கலங்கி வந்தால், உள்ளே தண்ணீர் நிற்கிறது. இதை அசட்டையாக விடாதீர்கள், காய்ந்த கல்லில் எண்ணெயோடு தண்ணீர் பட்டால் முகத்துக்கே தெறிக்கும். எண்ணெயை வெளியே ஊற்றிவிட்டு மறுபடி காய வையுங்கள்.

பொத்தானை விட்ட பிறகும் நிற்காமல் ஒழுகுகிறது

பொத்தான் இறங்கின இடத்திலேயே பிசுக்கில் ஒட்டிக்கொண்டு மேலே வரவில்லை. பொத்தானை இழுத்து எடுக்க வருமானால் எடுத்து, தண்டையும் அது உட்காரும் குழியையும் சோப்புத் தண்ணீரில் தேயுங்கள். அடித்து முடித்ததும் மிச்சக் காற்றை விட்டுவிடும் பழக்கம் இருந்தால் இந்தப் பிரச்சினை பாதி வராது. மூடியைப் போடாமல் அடுப்படியில் வைப்பதும் ஒரு காரணம், தாளிப்புப் புகையும் தூசியும் சேர்ந்து பொத்தானைச் சுற்றி மெழுகு மாதிரி ஆகிவிடும்.

சிக்கு வாடை

இதற்கு ரிப்பேர் கிடையாது, எண்ணெயைக் கொட்டுங்கள். இந்தப் பாட்டிலில் எண்ணெய்க்கு மேலே எப்போதும் புதுக்காற்று ஏறிக்கொண்டே இருக்கிறது, ஒவ்வொரு அடிக்கும் காற்று உள்ளே போகிறது, அதனால் மூடி வைத்த டின்னைவிட இதில் எண்ணெய் சீக்கிரம் காறிப்போகும். நாங்கள் மூன்று வாரத்தில் தீரும் அளவுதான் ஊற்றுகிறோம். பழையதன் மேலேயே புதிதை ஊற்றினால் புதிதும் கெடும். பூண்டு, பச்சைமிளகாய், கறிவேப்பிலை போட்டு வாசனை எண்ணெய் செய்து ஊற்றும் ஆசை வேண்டாம், அடைப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், எண்ணெயில் பல நாள் மூழ்கிக் கிடக்கும் பச்சைப் பூண்டில் விஷக்கிருமி வளரும், அது உயிருக்கே ஆபத்து.

முழுசாகக் கழுவும் முறை

எண்ணெய் தீரும் ஒவ்வொரு முறையும், ஊற்றுவதற்கு முன்னால். காற்றை விட்டு, மிச்ச எண்ணெயை வடித்து, பாதி அளவுக்கு மிதச்சூட்டுத் தண்ணீரும் நாலு சொட்டு லிக்விடும் ஊற்றி, மூடிக் குலுக்கி, காற்றேற்றி, அந்தச் சோப்புத் தண்ணீரையே நாசில் வழியாகச் சிங்க்கில் அடித்துத் தீருங்கள். பாட்டிலை மட்டும் கழுவிவிட்டுத் தலையை விட்டுவிடுகிறார்கள், அழுக்கு இருப்பதே தலையிலும் குழாயிலும்தான். பிறகு வெறும் வெந்நீரில் இரண்டு முறை, நுரை நிற்கும் வரைக்கும். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், பிளாஸ்டிக் கோணிக்கொள்ளும். டப்பா அலுமினியம் என்றால் சலவை சோடா கூடாது, அலுமினியத்தை அரித்துக் கறுப்பாக்கிவிடும். அரிசி போட்டுக் குலுக்கித் தேய்க்கும் பழைய முறை கண்ணாடி பாட்டிலுக்கு நல்லதுதான், ஆனால் ஒரு குருணை உள்ளே தங்கினாலும் மறுபடி அடைப்பு, அலசி அலசி எடுக்க வேண்டும்.

அப்புறம் வெறும் காற்றை ஏற்றி நாலைந்து முறை அடித்து, குழாயில் நிற்கும் தண்ணீரை ஊதி வெளியேற்றி, எல்லாவற்றையும் பிரித்து ஒரு துணியில் கவிழ்த்துக் காயவையுங்கள். சேலத்து வெயிலில் மொட்டைமாடியில் அரை நாள் போதும். ஏற்காட்டில் மழை மாதத்தில் அக்கா இரண்டு நாள் காயவைக்கிறாள், துணியே காயாத ஊரில் இந்தக் குழாய் எப்படிக் காயும். காய்ந்த பிறகு எண்ணெய் ஊற்றி, முதல் நாலைந்து அடியை ஒரு பழைய துணியில் அடித்துப் பாருங்கள், சொட்டில்லாமல் விரிந்து வந்தால் தயார். கல்லில் அடிக்கும்போது அடுப்பைச் சிம்மில் வையுங்கள், இல்லை கல்லை இறக்கி வைத்து அடியுங்கள். புகையாக வரும் எண்ணெய் நெருப்பில் பட்டால் குப்பென்று பிடித்துக்கொள்ளும்.

விசை வகை

இதில் காற்றேற்றும் வேலை இல்லை, ஒவ்வொரு இழுப்பும் கொஞ்சம் எண்ணெயை உறிஞ்சித் தள்ளுகிறது. புதிதாக ஊற்றினதும் வரவில்லை என்றால் பயப்படாதீர்கள், குழாயில் எண்ணெய் ஏற எட்டுப் பத்து இழுப்பு ஆகும். அதற்கும் வராவிட்டால் குழாயை வெந்நீர் டம்ளரில் விட்டு இழுத்துப் பாருங்கள், தண்ணீர் வந்தால் விசை நன்றாக இருக்கிறது, எண்ணெய்தான் கெட்டி. தண்ணீரும் வராவிட்டால் உள்ளே இருக்கும் குட்டிக் குண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது, சோப்பு வெந்நீரில் ஒரு மணி நேரம் தலையை மூழ்கவைத்து, உள்ளங்கையில் தட்டிவிட்டு மறுபடி இழுங்கள். இழுத்த விசை திரும்பி வரவில்லை என்றால் ஸ்பிரிங் பிசுக்கில் சிக்கியிருக்கலாம், அதே ஊறல் போதும். ஊறியும் தொங்கினால் ஸ்பிரிங் போய்விட்டது, தலையை மட்டும் மாற்றலாம், கழுத்தின் மரை ஒத்துப்போகிறதா என்று பழையதைக் கையில் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள்.

காற்றேற்றும் வகையில் வாஷர் தேய்ந்தால் குக்கர் ரிப்பேர் கடையில் அதே சுற்றளவில் சிலிக்கான் வாஷர் கேட்டுப் பாருங்கள், மோட்டாருக்கும் பைப்புக்கும் போடும் கறுப்பு ரப்பர் சமையலுக்கு ஆகாது. கழுத்தில் விரிசல் விட்டிருந்தால் பசை போட்டு ஒட்டாதீர்கள், காற்று அழுத்தத்தில் பிய்த்துக்கொண்டு பறக்கும். அதை மட்டும் பழைய சாமான்காரரிடம் கொடுத்துவிடலாம், உள்ளே காற்று இல்லாமல் திறந்து கொடுங்கள்.